பெரட்டுக் களத்துப் போஞ்சி

“வெத சொத்தைங்க மிஸ்” என்றுதான் விஜயலெட்சுமி பேச்சைத் தொடங்கினார்.

கம்சலா அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்குக் காய்கறி போடத் துண்டுதுண்டாக நிலம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். விவசாய அலுவலகத்திலிருந்து அதைப் பார்வையிட வந்திருந்தாள் அவள். முந்நூறு போஞ்சி விதைக்குப் பதினேழு முளை. எங்கே வாங்கியது என்று கேட்டாள். டவுனில் ஷிப்னா கடையில் என்றார். அதே விதையை வேறு யாராவது போட்டார்களா என்றாள். விஜயலெட்சுமி வலப்பக்கம் கை நீட்டினார்.

“பக்கத்துத் துண்டு சின்னராசா போட்டான். அவனுக்கு எல்லாம் வந்திருச்சு. கைராசிங்கறான்.”

எப்படிப் போட்டீர்கள், காட்டுங்கள் என்றாள் கம்சலா. அவர் குச்சியால் குழி குத்தி, விதையை இட்டு, மண்ணை மூடினார். பிறகு திரும்பி நின்று குதிகாலால் இரண்டு மிதி மிதித்தார்.

“இனி அசையாது மிஸ்.”

“அது எந்திரிக்க வேணாமா அக்கா?”

விஜயலெட்சுமி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது வருடம் தேயிலைக் கன்று நட்ட கால் அது. நட்ட கன்றின் இலையைப் பிடித்துக் கங்காணி இழுத்துப் பார்ப்பார். கன்று அசைந்தால் திட்டு விழும். அதனால் மலையில் யாரும் சொல்லாமலே மிதிக்கக் கால் எழுந்துவிடும். போதாததற்கு, சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு விழுந்தது பழைய பெரட்டுக் களம். மூன்று தலைமுறை காலையில் வரிசைகட்டிப் பேர் கொடுத்த இடம். கொழுந்து லொறி வளைந்து திரும்பிய இடம். கம்சலா இரும்புக் கம்பியை ஊன்றினாள். இரண்டு விரல்கடை இறங்கிய கம்பி அதற்குமேல் போகவில்லை. மேலே மண்வெட்டியால் கொத்திய பொடி மண், கீழே பலகைபோல் இறுகிய மண். முளைக்கு மேலேயும் வழியில்லை, வேருக்குக் கீழேயும் வழியில்லை.

மீதி விதை அரைப் பாக்கெட் இருந்தது. மழை விட்டு மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் கம்சலா சொன்னபடி விஜயலெட்சுமி நாலு பல் இரும்பு முள்ளை எடுத்து முழங்கை ஆழத்துக்குக் குத்திக் கிளறி, மாட்டெரு கலந்தார். பாத்திக்குள் யாரும் கால் வைக்காமலிருக்க இடையில் பழைய பலகைகளைப் போட்டார். ஆனால் நாலாவது விதையிலேயே குதிகால் எழுந்துவிட்டது. அவர் யோசித்துவிட்டு, பலகைமேல் முட்டி போட்டு உட்கார்ந்தார். முட்டி போட்டால் மிதிக்க முடியாது.

“என்னக்கா, சாமிக்கு நேர்த்தியா?” என்றான் சின்னராசா.

“ஆமாடா, ஒன் வாயி அடங்கணும்னு.”

முளை தெரியுமுன்பே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அன்றே கம்சலா சிங்களப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். முதல் விதைப்புத் தவறியதற்குக் காரணம் என்று அதில் ஒரு கட்டம். பயிர் செய்தவரின் பிழை என்று எழுதினால் துண்டு கைமாறிப் போகலாம். ‘விதை’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சிங்களத்தில் அது சின்னச் சொல்தான். அவள் தேநீர் ஆறும்வரை அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டத்துக்குள் அடங்காமல், ஓரத்திலும் சேர்த்து ஏழு வரி எழுதினாள்.

படிவத்தைப் படித்த அலுவலகப் பெரியவர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தார். போகம் முடியும்வரை துண்டு விஜயலெட்சுமியிடமே இருக்கட்டும் என்றார். விதைத்த எட்டாம் நாள், பாத்தி நெடுக மண்ணை முதுகால் தூக்கிக்கொண்டு போஞ்சி வளைந்து வந்திருந்தது.

அந்த ஏழு வரியும் கம்சலா தானாக யோசித்தது அல்ல. இரண்டாவது விதைப்பைப் பார்க்க அவள் வந்திருந்த மாலை, பலகையில் முட்டி போட்டபடியே, தலை நிமிராமல் விஜயலெட்சுமி கேட்டிருந்தார்:

“வெதயக் குத்தம் சொல்லி எழுதிராதீங்க மிஸ். நான் மொதல்ல சொன்னத விட்டுருங்க. ஷிப்னா புள்ளைக்கு நம்ம லயத்து ஆளுக யாவாரந்தான். நான் மிதிச்சேன்னே எழுதுங்க. ஆனா, இருவது வருசம் தேயிலைக்கு மிதிச்ச காலுன்னும் சேத்து எழுதுங்க.”