கட்டைவிரல் நகமளவு பார்வை

இதை எழுதச் சில வருஷங்கள் தயங்கினேன். சுவாமி முகமே தெரியவில்லை என்று சொன்னால், என்ன பாவம் செய்தானோ என்று பேசுவார்களே என்ற பயம். இப்போது எனக்கு வந்த அதே கண்நோயோடு ஒருவர் தயங்கி நிற்பதைப் பார்த்ததும் எழுதத் துணிந்தேன்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் கோயிலில் தொழுதுவிட்டுத்தான் கடைக்குப் போவேன். ஒரு நாள் சன்னதி நடையில் நின்றபோது கிரீடம் தெரிந்தது, மாலை தெரிந்தது. முகம் இருக்கும் இடம் மட்டும் மழுங்கலாக இருந்தது. இங்கே நேர்ச்சையாக, அதாவது வேண்டுதலாக, சுவாமி முகத்துக்குச் சந்தனம் சார்த்தி, அதன் மேல் கண், மூக்கு வரைவது வழக்கம். யாரோ நேர்ந்திருக்கிறார்கள், கண்ணும் மூக்கும் இன்னும் வரையவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மாதம் முழுக்க நினைத்தேன்.

ஒரு காலை மனைவியும் கூட வந்திருந்தாள். "தினமும் யாரு சந்தனம் சார்த்துறா?" என்று கேட்டேன்.

"சந்தனமா? முகம் பளபளன்னு தெரியுது. நீங்க எங்க பாக்கீங்க?"

அவள் பக்கம் திரும்பினேன். அவளுக்கும் மூக்கு இல்லை.

என் இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். வலது கண்ணை நம்பித்தான் பிழைப்பு. ஒரு சந்தனச் சார்த்து நேர்ந்துகொள்ளலாம் என்றேன்.

"நேருங்க, வேண்டாங்கல. முதல்ல ஆஸ்பத்திரி" என்றாள்.

பரிசோதித்த டாக்டர் அம்மா, மாகுலர் ஹோல் (விழித்திரையின் நடுவில் விழும் சிறு துளை) என்றார். என் மகளின் போனில் நூறு மெகாபிக்சலுக்கு மேல் (மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி) இருப்பதாக அவள் பெருமையாகச் சொல்வாள். அந்த நினைப்பில், "என் கண்ணு எத்தனை மெகாபிக்சல், டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "போன்ல மூலை முடுக்கெல்லாம் ஒரே தெளிவு, அண்ணாச்சி. கண்ணு அப்படி அல்ல. கையை நீட்டி கட்டைவிரல் நகத்தைப் பாருங்க. அத்தர, அந்த நகத்தளவுதான் தெளிவு. மத்ததெல்லாம் மங்கல். கண்ணு ஓடி ஓடிப் பொறுக்கும், மூளை சேர்த்து வைக்கும். உங்களுக்கு அந்த நகத்தளவுலதான் ஓட்டை. பயந்து பேடிக்க வேண்டாம், அடைச்சிரலாம். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

அறுவை செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்தார்கள். அது துளையை அழுத்திக்கொண்டிருக்க, சாப்பாடு, தூக்கம் எல்லாம் குப்புறத்தான். தரையின் மொசைக் கல்லைப் பார்த்தபடி நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். பகலா இரவா என்பதைப் பாத்திரச் சத்தத்தில் அறிந்தேன்.

"கல்யாணத்தன்னைக்கு நான் குனிஞ்சே உக்காந்திருந்தேன். இப்ப உங்க முறை" என்றாள் மனைவி. சிரித்தால் தலை ஆடும் என்று அதற்கும் திட்டினாள்.

துளை மூடிவிட்டது. ஆனால் கதவு நிலை இன்னும் லேசாக வளைந்தே தெரிகிறது. அது நான் தாமதித்ததன் மிச்சம்.

முன்பெல்லாம் ஒரு பார்வையில் எல்லாம் பார்த்துவிட்டதாக நினைப்பேன். இப்போது ஒரு முகத்தைப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்கிறேன். புருவம், கண், கன்னம் என்று நகமளவு நகமளவாக. மனைவி நெற்றியில் ஒரு தழும்பு இருப்பதே இப்போதுதான் தெரிந்தது. அவசரம் குறைந்துவிட்டது.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் மாற்றாமல் சொல்லுங்கள். நேர்ச்சையால் கண் திறந்தது என்று சேர்க்க வேண்டாம். நேர்ச்சையையும் பிறகு செலுத்தினேன், அதை மறைக்கவும் வேண்டாம். சந்தனம் என்று நம்பி ஒரு மாதம் நின்றதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்று காலையும் யாரோ ஒருவர் நடையில் அப்படி நின்றிருப்பார்.