ஊசி குத்தாத வாரம்

வளைகுடாவுக்கு விசா வந்து சேர்ந்த மாதம்தான் எனக்கு வயிற்றுவலி தொடங்கியது. நெய்யாற்றின்கரையில் ஸ்கேன் எடுத்தவர், கல்லீரலை ஒட்டி எலுமிச்சம்பழ அளவில் நீர்க்கட்டி என்று எழுதித் தந்தார். விசா தீர இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. ஊசி குத்தி நீரை எடுத்துவிடலாம் என்றார்கள் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில். குத்தித் தொலையுங்கள் என்றேன். நிலச் சீர்திருத்தச் சட்டத்தில், குடியிருந்த குடிசையோடு சேர்த்துக் கிடைத்த பத்து சென்ட் மண்ணில் ஓட்டுவீடு பார்க்காமலேயே அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். நானாவது கட்டியாக வேண்டும்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது நடக்கிற காரியமா? பாறசாலையில் ரயில் பிடிக்கக் கிளம்பியவனை அம்மா வாசலில் மறித்தாள். கையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்.

"வெறும் வயித்தோட எங்க மக்கா போறே? ரெண்டு துண்டு தின்னுட்டு போ."

"திங்கப்பிடாதுண்ணு டாக்டரு சொன்னாரு."

"குத்து வாங்கப்போறது அவரா, நீயா? தெம்பு வேண்டாமா?"

ரயில் போய்விடுமே என்ற எரிச்சலில் நின்றபடியே தின்றேன்.

சாப்பிட்டாயா என்று நர்ஸ் கேட்டாள். எனக்குப் பொய் வராது; மீன் வாசனை வேறு. ஊசி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. வீட்டுக்கு வந்து அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மறுவாரம் நான் கிளம்பும்போது அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

அன்று வேறொரு டாக்டர், வயதான அம்மையார். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் இயந்திரம் ஒன்று முந்தின வாரம் வரை பெட்டி பிரிக்காமல் கிடந்ததாம். ஊசிக்கு முன் அதில் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றார். நீர்க்கட்டி என்றால் திரையில் நிறமே தெரியக்கூடாது. எனக்கோ பாதி சிவப்பும் பாதி நீலமுமாகச் சுழன்றது. அவர் ஊசித்தட்டை வெளியே கொண்டுபோகச் சொன்னார்.

கட்டியே அல்ல, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம் ஓரிடத்தில் பைபோல வீங்கியிருக்கிறது என்று மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். கல்லீரல் கெட்டு அழுத்தம் கூடினாலும் இப்படி வீங்குமாம். என் கல்லீரலில் குறையில்லை, ஆகவே பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம். உள்ளே ரத்தம் உறையவில்லை, அக்கம்பக்கத்தை நெருக்கவுமில்லை. பெரிதானால் அறுவை, இல்லாவிட்டால் வருடம் ஒரு ஸ்கேன் போதும். வலிக்குக் காரணம் இரைப்பைப் புண், அதற்கு மாத்திரை.

"போன வாரம் குத்தியிருந்தால்?" என்று கேட்டேன்.

"ரத்தத்தை நிறுத்தியிருக்க முடியுமா என்று தெரியாது" என்றார்.

மத்தியானம் பசியோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"குத்தியாச்சா?" என்றாள் அம்மா, முகம் பார்க்காமல்.

"இல்ல. அண்ணைக்கு குத்தியிருந்தா நான் செத்திருப்பேன். நீ தந்த மரச்சீனியாக்கும் என்னைக் காப்பாத்தினது. இன்னும் உண்டா?"

சட்டியைத் திறந்தாள். காலையில் அவித்தது அப்படியே இருந்தது, அவளும் தொடவில்லை. இருவரும் சட்டியைக் காலி செய்தோம்.

விசா தீர நான்கு நாள் இருக்கையில் விமானம் ஏறினேன். இரண்டாம் வருடம் கூரையில் ஓடு ஏறியது. நாளம் இன்றுவரை அதே எலுமிச்சம்பழம்தான். விடுமுறையில் ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போகிற நாளில், நான் திரும்பும்வரை அம்மாவும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.