பின்னால் நின்றவர்

தொண்ணூறுகளின் நடுவில், லூயிஷாம் சந்தைக்குப் பக்கத்திலிருந்த வீடியோ கேம் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் புலம்பெயர்ந்து வந்த ஒரு யாழ்ப்பாணத்தவர். மெலிந்த உடம்பு, கோடையிலும் கழற்றாத கம்பளிச் சட்டை. யார் விளையாடினாலும் பின்னால் வந்து கைகட்டி நிற்பார். முன்பெல்லாம் கூட்டத்தில் இடித்துப் பிடித்துத்தான் நிற்கவேண்டியிருந்ததாம். நான் போயிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் மெஷின்கள் எல்லாம் ஆளில்லாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

“இப்ப எல்லாரும் வீட்டிலை டிவியிலைதானே விளையாடீனம். சனம் இனித் திரும்பி வருமோ அண்ணை?” என்று கேட்டேன்.

“வரும். வீட்டிலை தனிய இருந்து வெண்டால் ஆர் கைதட்டுறது? பின்னாலை பத்துப்பேர் நிக்கோணும் தம்பி.”

“உங்கடை பிள்ளையள் இஞ்சை வாறவையோ?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “படிக்கிற பிள்ளையளை இந்த இடத்துக்கு விடுவனே? எங்கடை சனம் என்ன கதைக்கும்? டிவியிலை விளையாட வீட்டிலையே ஒண்டு வாங்கிக் குடுத்திட்டன்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

நான் கார் ஓட்டும் மெஷினில் உட்கார்ந்தேன். அதிசயமாக வென்றும்விட்டேன். பின்னால் அவர் கைதட்டினார். அந்த ஒருவருடைய கைதட்டல் கூடம் முழுவதும் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.