ஆயிரம் கிலோமீட்டர் வரை மெதுவாக

எங்கள் ஊர் இசேசாகியில் கராசவாவிடம் இருப்பதைப் போல வேகமான கார் வேறு யாரிடமும் கிடையாது. அவரைப் போல மெதுவாகக் கார் ஓட்டுகிறவரும் கிடையாது. அவர் கார் முன்னால் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வருவார்கள். கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் முடிதிருத்தும் கடை அவருடைய தெருமுனையில்தான் இருக்கிறது, கண்ணாடி வழியாக நானே பார்த்திருக்கிறேன்.

கராசவா கொன்யாக்கு ஆலையில் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவர். கொன்யாக்கு என்பது கிழங்கு மாவில் செய்கிற, கையில் எடுத்தால் ஆடுகிற சாம்பல் நிறக் கட்டி. எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் குளிர்காலக் குழம்பு கிடையாது. அதில் ஒரு காற்றுக்குமிழி தெரிந்தாலும் கராசவா எடுத்து ஒதுக்கிவிடுவார். துண்டு துண்டாக வெட்டிக் குழம்பில் போடப்போகிற பண்டத்துக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. அந்தப் புத்தி ஆலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாலையில் அதை வீட்டுக்கும் கூட்டிவந்து கார் கொட்டகைக்குள் விட்டார்.

கார் வெள்ளி நிறம், இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், டர்போ வைத்தது. டர்போவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: போதும் என்று சொல்லச் சொல்ல நம் தட்டில் மேலும் மேலும் வைக்கிற அத்தை ஒருத்தி எல்லார் வீட்டிலும் இருப்பாள் அல்லவா, அந்த வேலையைத்தான் அது இன்ஜினுக்குச் செய்கிறது. காற்றைத் திணித்துக்கொண்டே இருக்கும். இன்ஜினுக்கு வலுவிருந்தால் பறக்கும், இல்லாவிட்டால் வெடிக்கும். அதனால் டர்போவைப் பெரிதாக்குகிறவன் பிஸ்டனை மாற்ற வேண்டும், பிஸ்டனை மாற்றினால் பேரிங்கை மாற்ற வேண்டும், பேரிங்கை மாற்றினால் மனைவிக்குக் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போட வேண்டும்.

வாக்கு இதுதான். கல்யாணம் பேசி முடித்த நாளில் கராசவா கினுயோவிடம், "இந்தக் காருல உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னார். எங்கள் குன்மா மாநிலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, கடல் கிடையாது. கினுயோ மலைமேல் த்ஸுமகோயியில் முட்டைக்கோசு பயிரிடும் வீட்டுப் பெண். அப்படிப்பட்ட பெண்ணிடம் கடல் என்று சொன்னால் அது சும்மா பேச்சு இல்லை. அப்போது கராசவா கூடவே இன்னொன்றும் சொன்னார்: "இன்ஜினை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்கறேன்."

அவர்களுடைய மகன் படித்து, வேலை கிடைத்து, ஒஸாகாவுக்கே போய்விட்டான். இன்ஜின் இன்னும் சரியாகிக்கொண்டிருக்கிறது.

அவர் வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் வயிற்றெரிச்சல். அவர் கை சுத்தமான கை. இன்ஜினை இறக்கி, பிரித்து, ஒவ்வொரு திருகையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் வரிசையாக வைத்தால் கோயிலில் படையல் வைத்த மாதிரி இருக்கும். இத்தனை இறுக்கம் என்று குறித்திருந்தால் அத்தனைதான் இறுக்குவார். பிறகு ஒரு முறை தளர்த்தி மறுபடி இறுக்குவார். முதல் முறை இறுக்கியபோது மனம் வேறெங்கோ இருந்ததாம்.

எல்லாம் பூட்டி முடித்து இன்ஜினை உயிர்ப்பிக்கும் நாளுக்கு முன்பு இனிப்புப் பெட்டிகளோடு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், "நாளைக்குக் கொஞ்சம் சத்தமா இருக்கும், மன்னிச்சுக்கணும்" என்று குனிந்து எழுவார். எங்கள் ஊரில் சுவருக்கு ஆணி அடிப்பதற்கும் இப்படித்தான் செய்வோம். ஆனால் கராசவா கொண்டுவருவது நல்ல கடை இனிப்பு, அவித்த பயறு வைத்தது. அடுத்த வீட்டு ஹோசோயா அம்மாள் ஒருநாள் என் கடை வாசலில் நின்று வெளிப்படையாகவே கேட்டாள்: "என்ன த்ஸுகாகோஷி சான், கராசவா சான் இப்பல்லாம் இன்ஜினை இறக்கறதே இல்ல? டீயோட வச்சுக்க வீட்டுல ஒண்ணும் இல்ல." த்ஸுகாகோஷி நான்தான்; சான் என்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக்குப் பெயரோடு சேர்ப்பது.

அடுத்து வருவதுதான் இந்த மனிதரின் வாழ்க்கையே மாட்டிக்கொண்ட இடம். புதிதாகப் பூட்டிய இன்ஜினை எடுத்த எடுப்பில் விரட்டக் கூடாது, பழக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் வரை மிதிக்காமல், டர்போவை எழுப்பாமல், மெதுவாக ஓட்ட வேண்டும். இப்படிக் காரைப் பிரித்துப் பூட்டுகிற நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். ஆயிரம் ஆனதும் ஆயிலை வடிப்போம். புது ரிங்கும் பேரிங்கும் ஒன்றோடொன்று உரசிப் பழகியிருப்பதால் அந்த ஆயிலில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும். நாங்கள் அதைக் கொட்டிவிட்டுப் புது ஆயிலை ஊற்றி அன்றைக்கே மலைப்பாதையில் விரட்டிப் பார்க்கப் போய்விடுவோம். கராசவா கொட்ட மாட்டார். அதை வெள்ளைத் தட்டில் ஊற்றி, விளக்கைக் கிட்டே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். ஒரு பொடி மின்னினாலும் முகம் தொங்கிவிடும். ஆலையில் காற்றுக்குமிழியைப் பார்க்கிற அதே முகம்.

"ஏதோ சரியில்ல, த்ஸுகாகோஷி சான்."

"அது எல்லா இன்ஜின்லயும் வர்றதுதான்."

"சத்தமும் ஒரு மாதிரி இருந்துச்சு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்குக் கேக்காது" என்று பரிதாபத்தோடு சொல்லிவிட்டு மறுபடி இன்ஜினை இறக்குவார். இப்படியே எல்லா முறையும். ஊரிலேயே வலுவான இன்ஜினைக் கட்டிய மனிதர் அதன் மிதியை ஒரு தடவைகூட முழுசாக அமுக்கியதில்லை. இதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன், கோபப்பட்டும் இருக்கிறேன். சிரித்ததைவிடக் கோபப்பட்டது அதிகம்.

கினுயோ மாதம் ஒருமுறை முகத்தை மழித்துக்கொள்ள என் கடைக்கு வருவார்; எங்கள் பக்கத்தில் பெண்களும் முகத்துப் பூனைமுடியை மழித்துக்கொள்வது வழக்கம். போன வசந்தத்தில், சூடான துண்டை எடுத்துக் கன்னத்தில் நுரை தடவி மழித்துக்கொண்டிருந்தபோது, கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"சனிக்கிழமை ஆள் வராங்க."

"எங்கே?"

"எங்க வீட்டுக்கு. காரை விலைக்கு எடுத்துட்டுப் போக, பழைய வண்டி வாங்கறவங்க. ஓடாத வண்டின்னாலும் எடுத்துக்குவாங்களாம்."

கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டேன். "கராசவா சானுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். 'சரி, அதுக்குள்ள ஆயிலை மாத்திடறேன்'னாரு."

"அவரு புரிஞ்சுக்கலை போலிருக்கு."

"புரியும். வியாழக்கிழமை எஃப்.சி. காட்டப் போறாரில்ல, நானும் லீவு போட்டுட்டுக் கூடப் போறேன். முடிஞ்ச கையோட என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனா ஆளை வரவேண்டாம்னு சொல்லிடுவேன். வீட்டுக்கு வந்து மறுபடி இன்ஜினை இறக்கினா, அவங்க வர்றது வர்றதுதான். நீங்க மழிங்க."

"போன வருஷம் ஊர்ச் சங்கத்து பஸ்ல கடலுக்குப் போனீங்களே?"

"அது பஸ்" என்றார்.

இந்த எஃப்.சி.யில் எனக்கும் ஒரு சிக்கல் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் காரில் மாட்டியிருக்கிற சைலன்சர் சட்டம் சொல்கிற அளவுக்கு மேல் கத்தும். அதனால் எஃப்.சி.க்குப் போகிற நாளில் மட்டும் கம்பெனியில் வந்த பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு சாதுவாகப் போவோம், திரும்பி வந்ததும் கழற்றிவிடுவோம். எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒரே ஜாதிக் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் அப்படி மிச்சமிருப்பது என்னுடைய ஒரே ஒரு சைலன்சர்தான். ஒரு பக்கம் நசுங்கியது. அது வருஷம் முழுவதும் வீடு வீடாகப் போய்வரும். அந்த வாரம் கராசவாவிடம் இருந்தது, அவர் எஃப்.சி.க்கு மறுநாள் வெள்ளிக்கிழமை என் காருக்கு எஃப்.சி. ஆகவே கையோடு வாங்கி வரலாம் என்று நானும் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அந்தப் பின்சீட்டை வடிவமைத்தவருக்குக் கால் என்று ஒன்று மனிதருக்கு உண்டு என்பது தெரியாது.

மாயேபாஷி வரைக்கும் கராசவா ஓட்டினார். காய்கறி லாரி முந்திப் போனது, முதியோர் இல்லத்து வேன் முந்திப் போனது. சோதனைச் சாலையில் வரிசையில் நின்றோம். சோதிக்கிறவர் கையில் சின்னச் சுத்தியலோடு காருக்கு அடியில் குனிந்து பார்த்தார், நசுங்கிய பக்கத்தை மெதுவாகத் தட்டினார்.

"இவரு இந்த வருஷம் இங்கே ரொம்பத் தடவை வந்துட்டாரு" என்று சைலன்சரைக் காட்டிச் சொன்னார்.

கராசவா காது வரை சிவந்துபோய்க் குனிந்து வணங்கினார். நான் பின்சீட்டில் தூங்குகிறவன் மாதிரி இருந்தேன். சத்தம் அளவுக்குள் இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது, கார் தேறிவிட்டது. கராசவா காகிதம் வாங்க ஜன்னலுக்குப் போனார்.

அவர் திரும்பி வரும்போது ஓட்டுநர் இடத்தில் கினுயோ உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"கினுயோ, அது என் இடம்."

"ஏறுங்க."

"இன்னும் ஆயிரம் ஆகல. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சரியா ஆகும், கணக்குப் போட்டு வச்சிருக்கேன். போன உடனே ஆயிலை வடிச்சு..."

"அந்தப் பக்கம் ஏறுங்க. இல்லன்னா நானும் த்ஸுகாகோஷி சானும் போயிட்டு வர்றோம்."

என்னை எதற்கு இழுக்கிறீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். கராசவா தன்னுடைய காரின் இடப்பக்கக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியாதவர் போலத் தடவித் திறந்து உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கினுயோவுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியுமா என்று எனக்குக் கவலை இருந்தது. அந்தக் கவலை முதல் திருப்பத்திலேயே தீர்ந்தது. முட்டைக்கோசு ஏற்றிய அப்பாவின் லாரியை மலை வளைவுகளில் இறக்கிப் பழகிய கை அது. நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே திரும்பினார். வீடு தெற்கே இருந்தது, என் சைலன்சரும் வடக்கே போனது.

"மூவாயிரம் சுத்துக்கு மேல போகாதே" என்றார் கராசவா. "டர்போ எழுந்திரும்."

"போகல."

உண்மையாகவே போகவில்லை. ஏற்றம் தொடங்கும் வரை அவர் சொன்னபடியே ஓட்டினார். கராசவா கிலோமீட்டர் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கினுயோவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியவில்லை.

"ஏங்க, ஆயிரம் ஆச்சா?"

"ஆயில் மாத்தணும், கினுயோ."

"ஆச்சான்னுதானே கேட்டேன்."

கராசவா பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆச்சு" என்றார்.

கினுயோ கியரை ஒன்று குறைத்து மிதியைக் கடைசி வரை அமுக்கினார்.

என்ன வேகம் என்று சொல்ல மாட்டேன், கினுயோவின் லைசென்ஸ் எனக்கு முக்கியம். முதலில் ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்னால் எங்கோ ஒரு சீழ்க்கை எழுந்தது, என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த லாரி எங்களுக்குப் பின்னால் இருந்தது. இத்தனை வருஷம் நான் ஓட்டியதெல்லாம் கார்தானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவ்வளவு நல்ல இன்ஜின் அது. அதைக் கட்டிய மனிதர் இரண்டு கையாலும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

மாநில எல்லையில் மலையைக் குடைந்த நீளமான சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கராசவா கண்ணைத் திறந்தார், பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார், தலையை ஜன்னலோடு சாய்த்துக் காதை வெளியே கொடுத்தார். சுரங்கத்துச் சுவரில் பட்டு இன்ஜின் சத்தம் அப்படியே திரும்பி வந்தது. வெகுநேரம் கேட்டார்.

"ஏதாவது கேக்குதா?" என்றார் கினுயோ.

கராசவா கண்ணாடியை ஏற்றினார். "ஒண்ணும் கேக்கல" என்றார். தேற மாட்டார் என்று டாக்டர் சொல்கிற குரலில் சொன்னார்.

தெராதொமாரியில் கடலோர மீன்கடைகளுக்கு எதிரே காரை நிறுத்தினோம். கினுயோ இறங்கியதும் முதலில் போனை எடுத்து, சனிக்கிழமை வரவேண்டாம், தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கணும் என்று போனிலேயே குனிந்து சொன்னார். பிறகு சுட்ட கணவாய்க் குச்சிகள் வாங்கி எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, தடுப்புச் சுவரண்டை போய்க் கடலைப் பார்த்து நின்றார். அலை பெரிதாக இருந்தது. காற்றில் அவர் முடி கலைந்தது, அவர் அதைச் சரிசெய்யவில்லை. என் கையிலிருந்த கணவாய் ஆறிப்போனது.

கராசவா கடலைப் பார்க்கவில்லை. இறங்கிய உடனே கைவிளக்கோடு காருக்கு அடியில் படுத்துவிட்டார், இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மீன் வாங்க வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எப்படி இருக்கு?" என்று குனிந்து கேட்டேன்.

"ஒழுகல."

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட இல்ல. எல்லாம் சரியா இருக்கு, த்ஸுகாகோஷி சான்." விளக்கை அணைத்தார், ஆனால் வெளியே வரவில்லை. அடியிலிருந்தே குரல் வந்தது. "அப்ப இனிமே ஞாயித்துக்கிழமையில நான் என்ன பண்ணுவேன்?"

சுவரண்டை நின்ற கினுயோ திரும்பாமலே சொன்னார்:

"நானும் கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்."

பிறகு அந்தக் கால்கள் மெதுவாக அசைந்தன. கராசவா வெளியே வந்தார், கையைத் துடைத்துக்கொண்டார், சுவரண்டை போய்க் கினுயோவுக்குப் பக்கத்தில் நின்றார்.