புளி போட்டுத் துலக்கிய அஸ்ட்ரோலேப்

எண்பதுகளில் அமெரிக்காவில், பார்சிப்பனியில் எங்கள் எதிர் அபார்ட்மென்டில் ஈரான்காரர் ஒருவர் தனியாக இருந்தார். எனக்கு அவர் அங்கிள். வேலை விஷயமாக ஒரு வாரம் டெக்சாஸ் கிளம்பியபோது, பூட்டிய வீட்டில் விட்டுப்போக மனசில்லாமல், ஒரு அஸ்ட்ரோலேபை எங்களிடம் கொடுத்துவைத்தார். சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்து நேரம் சொல்லும் பித்தளைக் கருவி. சாப்பாட்டுத் தட்டு அளவு. மேலெல்லாம் கொடியும் பூவும் அரபி எழுத்தும். தாத்தாவுக்குத் தாத்தா காலத்தது. ஊரைவிட்டு ஓடிவந்தபோது குடும்பத்துச் சொத்து என்று அவர் கொண்டுவந்தது அது ஒன்றுதான். கருத்துக் கிடந்தது.

கருத்த பித்தளையைக் கண்டால் அம்மாவுக்குக் கை சும்மா இருக்குமா? அந்த வாரம் பார்த்து ஆயுத பூஜை வேறு வந்து தொலைத்தது. புளி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். தங்கமாக மின்னியது. அப்பாவின் கால்குலேட்டர், என் பென்சில் டப்பாவோடு அதையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டாள்.

"பாவம், தனி ஆளு. அவருக்கு யாரு இதெல்லாம் க்ளீன் பண்ணித் தருவா?"

ஆபீஸிலிருந்து வந்த அப்பா தலையில் கைவைத்தார். "ஐயோ, அவர் சாமான்ல பொட்டு வெச்சிருக்கியே! என்ன நினைப்பாரு?"

அன்று சாயங்காலம்தான் அங்கிள் வருவதாக இருந்தது. அப்பா பொட்டைத் துடைத்தார், உட்கார்ந்தார், எழுந்துபோய் மறுபடியும் துடைத்தார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவர் திட்டினால் அம்மா அழுவாளே! கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினேன். யார் யாரோ வந்தார்கள். சுண்டல்கூட இறங்கவில்லை.

கடைசியில் வந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"ரொம்ப அழகா இருக்கு, சிஸ்டர்" என்றார் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு முகமெல்லாம் பல். அப்பா பொட்டு விஷயத்தை உளறிக்கொட்டி மன்னிப்புக் கேட்டார். அதனால் என்ன என்று அங்கிள் கையசைத்தார். பிறகு, தேய்த்த துணி இருக்கிறதா என்று கேட்டார்.

குப்பைக்கூடையிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கன்னங்கரேலென்று ஈரத்துணி. அதை மெதுவாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் போனதும் அம்மாவிடம் கேட்டேன். "துவைச்சுக் குடுக்கலாம்னு எடுத்துட்டுப் போயிருப்பாரு. எவ்ளோ டீசன்ட் மனுஷன்!" என்றாள். நானும் நம்பினேன். அவர் அப்பா, தாத்தா, அவர்களுக்கும் முந்தியவர்கள், எல்லார் கையும் பட்டுப் பட்டுச் சேர்ந்த கறுப்பு அந்தத் துணியில்தான் இருந்தது என்று ஏழு வயதில் யாருக்குத் தெரியும்?