வருவதற்கு முன் சொன்ன சாட்சி

பழங்காநத்தத்தில் நாங்கள் போன கிறிஸ்தவ சபையில் ஞாயிறுதோறும், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல நேரம் கொடுப்பார்கள். நோய் தீர்ந்தவர்களும் வேலை கிடைத்தவர்களும் எழுந்து சொல்வார்கள். கடைசி வரிசையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருக்கும் நரைமீசைக்காரர் ஒருவரும் எழுவார்.

"வீட்ட விட்டுப் போன என் மகன் இன்னும் வரலை. ஸ்தோத்திரம்."

"அண்ணே, அது சாட்சியில்ல, விண்ணப்பம்" என்று யாராவது சிரிப்பார்கள்.

என் கணவர் அப்போது குவைத்தில் இருந்தார். பக்கத்துக் கடைக்கு வரும் அவருடைய போன் மாதக்கணக்கில் வரவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் பயம்தான் வந்தது. ஒருநாள் செருப்பு மாட்டும்போது தயங்கித் தயங்கி அந்த மனிதரிடம் கேட்டேன்.

"பையன் வந்தப்பறம்தானேண்ணே சாட்சி சொல்லணும்?"

"வந்தப்பறம் யாரு வேணும்னாலும் சொல்லுவாகம்மா. எனக்குள்ள அம்புட்டுப் பயம் கெடக்கு. அதான் முன்கூட்டியே சொல்லி வச்சிக்கிறேன். இனி ஆண்டவர் பாத்துக்கிடட்டும்."

அடுத்த ஞாயிறு முதல்முறையாக எழுந்தேன். "எங்க வீட்டுக்காரர்ட்டருந்து இன்னும் போன் வரலை. ஸ்தோத்திரம்" என்றேன். பின்னாலிருந்து ஒரே ஒரு "ஆமென்" கேட்டது.

கணவர் திரும்பியதும் கோச்சடைக்குக் குடிபோனோம். அந்த நரைமீசைக்காரருடைய மகன் வந்தானா என்று தெரியவில்லை. இங்கேயும் சாட்சி நேரத்தில் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கிறேன். அவர் எழுந்து, "வந்துட்டான்" என்று சொல்ல ஒருமுறை கேட்க வேண்டும்.