தண்ணித்தொட்டிக்கு ஒரு பாதை

கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். அலுவலகத்தில், பக்கத்து நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே நடந்தது.

அங்கே வேலை பார்ப்பவள் ஒருத்தி. குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் அண்ணன் வைத்த பெயர். இருவரும் ஒரே அலுவலகத்தில் புரோகிராமர்கள். எங்கோ தொலைவில் சேமித்த கோப்புகளை நம் கணினியிலேயே இருப்பதுபோலக் காட்டும் மென்பொருளை எழுதியவர் அண்ணன். ஒரு கோப்பின் முழுப் பாதை, அதாவது அது இருக்கும் இடம், வேண்டுமென்றால், அது கோப்பிலிருந்தே ஆரம்பிக்கும். 'நீ எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறாய்?' என்று கேட்கும். அந்த ஃபோல்டரிடம் போய் அதையே கேட்கும். உள்ளேயிருந்து வெளியே, ஒவ்வொரு பெயராகக் கோத்துக்கொண்டு வரும். இன்னொன்று. யாராவது திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால், உடனே அழிக்காது. ஒளித்து வைக்கும். பிடித்திருப்பவர் விட்டால்தான் போகும்.

சோதனைக்காக அண்ணன் உண்டாக்கிய ஃபோல்டர்களுக்கெல்லாம் அவர்கள் வீட்டு இடங்களின் பெயர்கள்தான், இப்போதும் குட்டி இருக்கும் அதே வீடு. மொட்டைமாடி, கொல்லைக்கதவு, தண்ணித்தொட்டி... அண்ணன் மாரடைப்பில் போய் மூன்று வருடம். அவற்றைத் தொடவே குட்டிக்கு மனசு வரவில்லை. அன்று காலையில்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழித்தாள். உள்ளிருந்த ஒரு கோப்பு மட்டும் போகவில்லை. யாரோ பிடித்திருக்கிறார்கள் என்றது கணினி. நம் புரோகிராம்தான் பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மதியம் பாதை கட்டும் பகுதியை ஓட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு பெயர் வந்தது.

பொட்டலம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் பிள்ளையின் செல்லப் பெயர். பிறந்ததும் துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பார்த்து அவள் கணவர் வைத்தது. அண்ணன் போன பிறகு பிறந்தவன் அவன்.

"என்னடி விளையாட்டு இது?" என்றாள் பக்கத்திலிருந்த டெஸ்டரிடம்.

"நான் தொடவே இல்லக்கா. சத்தியமா."

அடுத்த பெயர் வந்தது.

தண்ணித்தொட்டி.

காலையில் அழித்ததாயிற்றே! தன் பிழைதான், பழைய பெயர் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று புரோகிராமைக் குடைந்தாள். கடைசியில் அதை நிறுத்தினாள். நிற்கவில்லை. நெட் கேபிளைப் பிடுங்கினாள்.

டக்... டக்... டக்...

கீபோர்டு தட்டும் சத்தம், எதிரே அண்ணன் மேஜையிலிருந்து. அங்கே கீபோர்டே கிடையாது.

மொட்டைமாடி.

டெஸ்டர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

டக்... டக்...

வீடு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீடு. மொட்டைமாடி. தண்ணித்தொட்டி.

பொட்டலம்!

போனை எடுத்தாள்.

"என்னங்க, பொட்டலம் எங்க?"

"உள்ள தூங்கறான். ஏன் குட்டி?"

"போய்ப் பாருங்க!"

செருப்புச் சத்தம். பிறகு... "ஐயோ, காணோமே!"

"மொட்டைமாடி! தண்ணித்தொட்டி! ஓடுங்க!"

படி... மூச்சு... படி...

எதுவும் கேட்கவில்லை.

"புடிச்சுட்டேன்," என்றார். அழுதுவிட்டார். அலுவலகச் சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பதினேழு.

சாயங்காலம் அவர் சொன்னார். "தொட்டி மூடி திறந்து கெடந்துச்சு. பாதி உடம்பு உள்ள. ஆனா விழல. முதுகுப் பக்கம் சட்டை மேல இழுத்துக்கிட்டு நின்னுச்சு... யாரோ கொத்தாப் புடிச்ச மாதிரி. நான் தூக்கினப்புறம்தான் சட்டை தொய்ஞ்சுது."

மறுநாள் குட்டி கணினியைத் திறந்தாள். அழியாமல் நின்ற அந்தக் கோப்பு இப்போது இல்லை. யார் பிடித்திருந்தார்கள் என்று தேடினாள். அண்ணன் பெயர் இருந்தது. அவர் இறந்த வாரத்திலேயே அலுவலகம் மூடிவிட்ட கணக்கு அது.

விட்ட நேரமும் பதிவாகியிருந்தது.

நேற்று மதியம், இரண்டு பதினேழு.